பொருளற்ற ‘லா’வும் பூட்டப்பட்ட நாவும்

(தமிழ்மன்றத் திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

‘மொழியும் ஆட்சியும்’ என்று தலைப்புத் தந்து என்னைப் பேசப் பணித்தனர். இத் தலைப்பில் நாம் பேசாதது எதுவுமில்லை. நீங்கள் கேளாததும் எதுவுமில்லை. எனவே இன்று நம் வீட்டுக் கதையை விட்டுவிட்டு, அயல்வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கின்றேன். இக் கதையை எனக்குத் தந்தவன் என் வகுப்பு மாணாக்கன் ஒருவன். இடைச்சொற்களைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அசைநிலை இன்னது, இசைநிறை இன்னது என்று விளக்கி, பொருள் தராது ஓசையை மட்டும் நிறைத்து நிற்கும் சொல்லும் உண்டு என்று கூறி, தாலாட்டில் வரும் ‘ஆராரோ’வையும் நடவுப் பாட்டில் வரும் ‘தன்னானே’வையும் எடுத்துக்காட்டினேன். வகுப்பு முடிந்ததும் அவன் அருகில் வந்து, “ஐயா, ‘லா லா லா’ என்றே ஒரு பாட்டு ஐரோப்பாவில் முதற்பரிசு வாங்கியிருக்கிறதாம். அது எந்த மொழி?” என்றான்.

லகரம் நம் மொழியில் சொல்லுக்கு முதலில் வாராது. ஆகவே அது தமிழ் அன்று என்பது மட்டும் எனக்குத் தெரியும் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். ஆனால் வினா என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இஃது எந்த மொழி என்பதற்காகவே ஓர் அரசு ஒரு பாடகனின் வாயைப் பூட்டிய வரலாறு வெளிப்பட்டது.

ஐரோப்பிய நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றுகூடி, 1956 முதல் ஆண்டுதோறும் ஒரு பாட்டுப் போட்டி நடத்தி வருகின்றன. யூரோவிசன் என்பது அதன் பெயர். 2020-இல் பெருந்தொற்றினால் தடைப்பட்டதன்றி மற்றெல்லா ஆண்டும் நடந்தது. ஒவ்வொரு நாடும் ஒரு பாட்டு அனுப்பும். பிற நாடுகள் மதிப்பெண் இடும். தன் நாட்டுக்குத் தானே மதிப்பெண் இடுதல் கூடாது. இவ்வளவே ஒழுங்கு. பாட்டின் தரம் எத்தகையது என்று கேளாதீர்கள். அவற்றுள் பல, காலையில் கேட்டு மாலையில் மறக்கத்தக்கவை. ஆனால் நாம் நோக்க வேண்டியது பாட்டை அன்று. கோடிக்கணக்கான மக்கள் காணும் அம் மேடையில், ‘இஃது என் நாட்டின் குரல்’ என்று ஓர் அரசு எந்த மொழியை நிறுத்துகின்றது என்பதையே.

எசுப்பானியா இப் போட்டியில் 1961-இல் நுழைந்தது. அப்போது அந் நாட்டை ஆண்டவன் பிராங்கோ என்னும் வல்லாட்சியன். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சியைக் கைப்பற்றியவன். அந் நாட்டில் காசுட்டிலியம், காத்தலான், பாசுக்கு, கலீசியம் என்று பல மொழிகள் வழங்குகின்றன. நாம் எசுப்பானிய மொழி என்று சொல்வது அவற்றுள் ஒன்றாகிய காசுட்டிலியத்தையே. பிராங்கோ அந்த ஒன்றையே நாட்டுமொழி ஆக்கினான். பார்சலோனா நகரைத் தலையிடமாகக் கொண்ட காத்தலான் மக்களின் மொழி பள்ளியிலிருந்து நீக்கப்பட்டது, அலுவலகத்திலிருந்து நீக்கப்பட்டது. பிள்ளைக்குத் தன் மொழியில் பெயரிட்டுப் பதிவு செய்தலும் 1938 முதற்கொண்டு தடுக்கப்பட்டது. அத் தடை நீங்க 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெயரின் அருமை அறிந்த கூட்டம் இது. இங்கே எத்தனையோ பேர் பிறர் இட்ட பெயரைக் களைந்து தமிழ்ப்பெயர் பூண்டவர்கள். அவர்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந் நிலையில்தான் பாட்டு எழுந்தது. 1961-இல் பார்சலோனாவில் சிலர் கூடி, ‘பதினாறு நடுவர்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பாட்டுக்குழு தொடங்கினர். அப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? காத்தலான் மொழியில் நாவைப் புரட்டும் விளையாட்டுத் தொடர் ஒன்று உண்டு. அதில் பதினாறு நடுவர் வருவர். பிறமொழியார்க்கு அது நாவில் புரளாது. நம் ழகரத்தை வைத்து நாம் ஒருவனைத் தமிழனா என்று ஆய்வது போல, அவர்கள் அத் தொடரை வைத்து ஆய்வர். அதனையே குழுவுக்குப் பெயராக வைத்தனர். உறுப்பினர் ஒவ்வொருவராகச் சேர்ந்து பதினாறு பேர் ஆயினர். அவர்கள் பெரும்பாலும் தேர்ந்த பாடகர் அல்லர். மொழியைக் காக்க வேறு வாயில் அடைபட்டமையால் பாட வந்தவர்கள்.

1963-இல் பார்சலோனாவில் நடந்த நடுநிலக்கடற் பாட்டுவிழாவில் ஒரு காத்தலான் பாட்டு முதலிடம் பெற்றது. பாடியவர் இருவர்: வலன்சியாவைச் சேர்ந்த இரைமோன், பார்சலோனாவைச் சேர்ந்த சலோமே என்னும் நங்கை. சலோமேயின் பெயரை நினைவில் வையுங்கள், பின்னர் வருவார்.

அக் குழுவில் பதின்மூன்றாமவராகச் சேர்ந்தவர் சோவான் மனுவேல் செராத்து. 1943-இல் பார்சலோனாவின் உழைப்பாளர் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவர். தந்தை காத்தலானியர். தாய் அரகோன் நாட்டவர், காசுட்டிலியம் பேசுபவர். இதை ஏன் சொல்கின்றேன் என்றால், இக் கதையைத் ‘தாய்மொழிக்காகப் போராடிய மைந்தன்’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவருடைய தாயின் மொழி, தடுத்தவனுடைய மொழி. பிறந்த மண்ணின் மொழியோ தடுக்கப்பட்ட மொழி. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன.

1968-ஆம் ஆண்டு எசுப்பானியத் தொலைக்காட்சி, இலண்டனில் நடக்கவிருந்த போட்டிக்கு இவரைத் தேர்ந்தது. பாட்டு ‘லா லா லா’. மனுவேல் தே லா கால்வா, இரமோன் ஆர்க்குசா என்னும் இருவர் இயற்றியது. அப் பாட்டில் ‘லா’ என்னும் ஒலி நூறு முறைக்கு மேல் வருகின்றது. எஞ்சிய சில அடிகள் காலைப்பொழுதையும், பெற்ற தாயையும், வளர்த்த மண்ணையும் வாழ்த்துகின்றன. செராத்து அதனைக் காசுட்டிலியத்தில் பாடிப் பதிவும் செய்துவிட்டார். அரசு அவரை ஐரோப்பிய நாடுகளில் அறிமுகமும் செய்துவிட்டது. போட்டி ஏப்பிரல் 6-ஆம் நாள். மார்ச்சுத் திங்களின் இறுதியில், தொலைக்காட்சி நிறுவனத்துக்கு எழுதிய வெளிப்படையான மடல் ஒன்றில், காத்தலானில் பாட ஒப்பினாலன்றித் தாம் பாடுவதற்கில்லை என்று அறிவித்தார்.

அரசு ஒப்பவில்லை. மெக்சிக்கோவில் இருந்த மசியேல் என்னும் பாடகியை விரைந்து வரவழைத்தது. அவர் சில நாளில் பாட்டைக் கற்று, இலண்டன் ஆல்பர்ட்டு மன்றத்தில் பாடினார். பதினேழு நாடுகள் பங்கேற்ற போட்டியில் 29 மதிப்பெண் பெற்று முதலாவதாக வந்தார். 28 பெற்று இரண்டாவதாக நின்றவர் பிரித்தானியாவின் புகழ்பெற்ற பாடகர் கிளிப்பு இரிச்சர்டு. எசுப்பானியாவுக்கு அதுவே முதல் வெற்றி. மசியேலை நான் குறைகூற மாட்டேன். அழைத்தார்கள், வந்தார், பாடச் சொன்னார்கள், நன்றாகவே பாடினார். அவ் வெற்றியை அரசு விலைகொடுத்து வாங்கியது என்று 2008-இல் ஓர் ஆவணப்படத்தில் பேச்சு எழுந்தது. சான்று ஏதும் காட்டப்படவில்லை. பிராங்கோ செய்த கொடுமைகளுக்குச் சான்று மலைபோல் குவிந்து கிடக்க, சான்றில்லாத ஒன்றையும் அவன் தலையில் ஏற்றுதல் நமக்கு வேண்டா.

அன்பர்களே! இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுங்கள். பாட்டின் பெரும்பகுதி ‘லா’. அது காசுட்டிலியமும் அன்று, காத்தலானும் அன்று. அதற்கு மொழியே இல்லை. எஞ்சியவை சில அடிகளே. அவற்றிலும் அரசியல் இல்லை, போர்முழக்கம் இல்லை, தாயே வாழ்க, மண்ணே வாழ்க என்னும் கருத்தே. அந்தச் சில அடிகளைக் காத்தலானில் பாடினால் எசுப்பானியப் பேரரசு இடிந்து விழுந்திருக்குமா? கேட்ட ஐரோப்பியருள் பெரும்பாலோர்க்கு இரண்டுக்கும் வேறுபாடே தெரிந்திராது. பின் எதற்கு அஞ்சினார்கள்? பொருளுக்கு அஞ்சவில்லை. அம் மொழி அந் நாட்டின் பெயரால் ஒருமுறை ஒலித்துவிட்டால், பிறகு அதனை ‘வீட்டுப் பேச்சு’ என்றும் ‘ஊர்ப்புற வழக்கு’ என்றும் சொல்ல முடியாது. அதற்கே அஞ்சினார்கள்.

‘அந்தந்த நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று போட்டியிலேயே ஒரு நெறி இருந்ததே, அரசு என்ன செய்யும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், நெறி இருந்தது. 1965-இல் சுவீடன் நாட்டார் ஆங்கிலத்தில் பாடப்போய், மறு ஆண்டே அந் நெறி வந்தது. ஆனால் அந் நெறி வந்தபின்னர், 1966-இலும் 1967-இலும் யூகோசுலாவியா அனுப்பிய பாட்டுகள் எம் மொழியின? அந் நாட்டின் ஒரு மூலையில் வழங்கிய சுலோவீனிய மொழியின! சுவிட்சர்லாந்து தன் நான்கு மொழிகளிலும் பாடியிருக்கின்றது. ஓர் இலக்கம் பேரும் பேசாத உரோமாஞ்சு மொழிக்கும் 1989-இல் இடம் தந்தது, அதுவும் போட்டி தன் நாட்டிலேயே நடந்த ஆண்டில். ஒற்றைமொழி வெறிக்குப் பெயர்போன பிரான்சுகூட 1996-இல் பிரெத்தோன் மொழிப் பாட்டை அனுப்பியது. 2011-இல் கார்சிக்க மொழியில் பாடியது. ஆக, தடுத்தது நெறி அன்று, மனம்.

செராத்துக்கு நேர்ந்தது என்ன? அரசுத் தொலைக்காட்சியின் கதவு அவர்க்குப் பல்லாண்டு அடைபட்டது. அவர் பாட்டுகள் ஒலிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன. 1975-இல் அவர் மெக்சிக்கோவில் இருந்தபோது, பிராங்கோவின் ஆட்சி ஐவரைச் சுட்டுக் கொன்றது. அச் சாவொறுப்பை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் நாடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினார். பிராங்கோ இறந்தபின் 1976-இல்தான் தாயகம் மீண்டார்.

இனி நமக்குக் கசக்கும் பகுதிக்கு வருகின்றேன். செராத்தை வெறுத்தவர் பிராங்கோ பக்கத்தில் மட்டும் இருந்தனர் என்று எண்ணாதீர்கள். 1968-இல் அவர் காசுட்டிலியத்திலும் பாடத் தொடங்கியபோது, ‘இரண்டகன்’ என்று அவரை ஏசியவர்கள் காத்தலான் பற்றாளர்களே, பற்று மிக்கவர்களே, நம்மைப் போன்றவர்களே. அவர் முதலில் காசுட்டிலியத்தில் பாட ஒப்பியது ஏன், பிறகு மறுத்தது ஏன் என்பதற்கு, அவ் வசையின் அழுத்தமும் ஒரு கரணியம் என்று எழுதுவோர் உளர். இருக்கலாம். அதன் பின்னும் அவர் இரு மொழியிலும் பாடினார். காசுட்டிலியப் பாவலர் மச்சாதோவின் பாக்களுக்கு இசையமைத்து 1969-இல் ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். அவற்றின் உறையில் அவர் பெயர் ‘சோவான்’ என்றில்லாமல், காசுட்டிலிய முறையில் ‘ஃகுவான்’ என்றே அச்சாயிற்று.

நான் அந்தக் காலத்தில் பார்சலோனாவில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உண்மையைச் சொல்கின்றேன்: நானும் ஏசியிருப்பேன். இப்போது எண்ணிப் பார்க்கும்போது அது பிழை என்று படுகின்றது. அவர் கேட்டது ஒரு மொழியை ஒழிக்க அன்று. தம் வாயிலிருந்த இரண்டில் ஒன்றைப் பூட்டாதே என்றுதான் கேட்டார். அதற்காக, எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கக்கூடிய புகழை இருபத்துநான்காம் அகவையில் உதறினார். ஏசியவர்களுள் எத்தனை பேர் எதனை உதறினர்?

இதை எண்ணும்போதெல்லாம் ஒரு சிறுமி என் நினைவுக்கு வருகின்றாள். பல்லாண்டுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளி, பெயர் வேண்டா. ஆண்டுவிழாவுக்கு ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு தமிழ்ப்பாட்டுப் பயிற்றியிருந்தேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னர், வரும் விருந்தினர் வெளிமாநிலத்தவர், ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடட்டும் என்று மேலிடத்திலிருந்து சொல் வந்தது. நான் வாதாடினேன், தோற்றேன். ஆனால் அப் பெண், “அப்படியானால் நான் பாடவில்லை ஐயா” என்று சொல்லிவிட்டு, விழாவன்று தோழியரோடு மணலில் அமர்ந்து வேடிக்கை பார்த்தாள். நான் மேடையில் நின்று நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருள் யார் பெரியவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

போகட்டும். எசுப்பானியாவுக்கு வருவோம். 1968-இல் வென்றமையால் 1969-ஆம் ஆண்டுப் போட்டி மாத்திரித்து நகரில் நடந்தது. தாய்நாட்டு மேடையில் எசுப்பானியாவுக்காகப் பாடியவர் யார்? நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தச் சலோமே. ஆறாண்டுக்கு முன் காத்தலான் பாட்டுக்கு முதன்முதல் வாகை சூட்டிய அதே நங்கை. இம்முறை காசுட்டிலியத்தில் பாடினார். நான்கு நாடுகள் ஒத்த மதிப்பெண் பெற்று, நான்கும் வென்றதாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் எசுப்பானியாவும் ஒன்று. அதற்குப்பின் 2025 வரை அந் நாடு ஒருமுறையும் வெல்லவில்லை.

பிராங்கோ 1975-இல் இறந்தான். 1978-இல் புதிய அரசமைப்பு வந்தது. காசுட்டிலியம் நாடு முழுமைக்கும் அலுவல்மொழி. அதனை அறிதல் குடிமக்கள் அனைவர்க்கும் கடமை. பிற மொழிகள் அந்தந்தத் தன்னாட்சிப் பகுதியில் அலுவல்மொழி. காத்தலானுக்குப் பள்ளி வந்தது, தொலைக்காட்சி வந்தது, இதழ்கள் வந்தன. இவை சிறியவை அல்ல. ஆனால் போட்டி மேடை? வல்லாட்சி போய் மக்களாட்சி வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1961 முதல் 2025 வரை எசுப்பானியா அனுப்பிய பாட்டுகளுள் காத்தலானில் ஒன்றில்லை; பாசுக்கு மொழியில் ஒன்றில்லை; கலீசியத்தில் ஒன்றில்லை. தடைச் சட்டம் இல்லை. ஆனால் இடமும் இல்லை.

2022-இல் ஒரு வாய்ப்பு வந்தது. நாட்டுப் பாட்டைத் தேர்வதற்கு பெனிடோர்ம் என்னும் ஊரில் நடந்த விழாவில், தஞ்சுகெய்ராசு என்னும் மூன்று பெண்கள் கலீசியத்தில் பாடினர். பறையடித்துப் பாடும் தங்கள் ஊர்ப்புறப் பாட்டு மரபில் எழுந்த பாட்டு. மக்கள் வாக்கு அவர்கட்கே குவிந்தது. நடுவர் மதிப்பெண்ணைக் கூட்டியபோது மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டனர். தேர்வானது ஆங்கிலச் சொற்கள் விரவிய பாட்டு. அது போட்டியில் மூன்றாவதாக வந்தது, நன்று. நடுவர்கள் மொழிப்பகையால் அப்படிச் செய்தனர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்தம் உள்ளத்தை நான் அறியேன். மக்கள் எதனைக் கேட்டார்கள், எது அனுப்பப்பட்டது என்பதை மட்டும் சொல்கின்றேன்.

இதனினும் வேடிக்கை ஒன்று. நாட்டுமொழியில் பாட வேண்டும் என்னும் நெறி 1999-இல் முற்றும் நீக்கப்பட்டது. உடனே பல நாடுகள் ஆங்கிலத்தின்மேல் விழுந்தன. 2016-இல் எசுப்பானியா முதன்முறையாக முழுவதும் ஆங்கிலத்திலேயே ஒரு பாட்டை அனுப்பியது. அப்போது காசுட்டிலிய மொழிக் கழகத்தார் சிலர் வெகுண்டெழுந்தனர். ஐம்பது கோடிப் பேர் பேசும் மொழி இருக்க ஆங்கிலம் எதற்கு என்று கேட்டனர். மிகவும் முறையான வினா. நாம் கைதட்டி வரவேற்க வேண்டிய வினா. 1968-இல் செராத்து கேட்டதும் அதே வினாதான் என்பது அவர்கட்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

நான் எண்ணிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். காத்தலான் பேசுவோர் ஏறத்தாழ 90 இலக்கம் பேர். தேனியம், அதாவது தென்மார்க்கு நாட்டு மொழி, பேசுவோர் ஏறத்தாழ 60 இலக்கம். அம் மொழி 1957-லேயே அம் மேடையில் ஒலித்துவிட்டது. ஐசுலாந்து மக்கள் நான்கு இலக்கம். அவர்கள் மொழி 1986-இல் ஒலித்தது. மால்தாத் தீவினர் மொழி 1971-இல் ஒலித்தது. இலக்சம்பர்க்கு மொழி 1960-இல் ஒலித்தது. இவர்கள் எல்லார்க்கும் காத்தலானியர்க்கு இல்லாத ஒன்று உண்டு. அது பாட்டுத்திறம் அன்று, இலக்கியச் செல்வமும் அன்று. அவர்கட்கு அரசு இருந்தது.

அப்படியானால் காத்தலான் மொழி அம் மேடையில் ஒலிக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். என் மாணாக்கனும் இதையே கேட்டான். ஒலித்தது. பிரான்சுக்கும் எசுப்பானியாவுக்கும் இடையே பிரனீசு மலைமடியில் அந்தோரா என்று ஒரு நாடு இருக்கின்றது. நாட்டின் மக்கள் தொகை நம் வட்டத் தலைநகர் ஒன்றன் தொகைக்கு ஈடாகாது. ஓர் இலக்கத்தை எட்டாது. பிரான்சின் குடியரசுத் தலைவரும் எசுப்பானியாவிலுள்ள உர்செல் நகரின் ஆயரும் அதற்குக் கூட்டு இளவரசர்கள். இப்படி ஒரு விந்தையான ஆட்சிமுறை! ஆனால் அந் நாட்டின் ஒரே அலுவல்மொழி காத்தலான். அவர்கள் 2004-இல் போட்டியில் நுழைந்தனர். இசுதான்புல் நகரில், மார்த்தா உரூரே என்னும் பெண் காத்தலானில் பாடினார். பார்சலோனாவுக்கு மறுக்கப்பட்டதை ஒரு மலைச்சிற்றூர் அளவே உள்ள நாடு, முப்பத்தாறு ஆண்டு கழித்து, அமைதியாகச் செய்து முடித்தது.

வெற்றி கிட்டவில்லை. 2004 முதல் 2009 வரை ஆறு முறை வந்தனர். ஒருமுறையும் அரையிறுதியைத் தாண்டவில்லை. பிறகு விலகிக்கொண்டனர். முதலாண்டில் உரூரேக்குக் கிடைத்தவை மொத்தம் பன்னிரண்டே புள்ளிகள். பன்னிரண்டு என்பது அன்று ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு இடக்கூடிய பெருமளவு மதிப்பெண். அதாவது, வேறு எந்த நாடும் ஒரு புள்ளியும் இடவில்லை. ஒரே ஒரு நாடு மட்டும் தன்னிடமிருந்த முழு மதிப்பெண்ணையும் எடுத்து வைத்தது.

“எந்த நாடு ஐயா?” என்றான் பையன்.

எசுப்பானியா. மக்கள் தொலைபேசியில் அழைத்து இட்ட வாக்கு அது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் அழைத்தனர் என்னும் கணக்கை எவரும் வெளியிடவில்லை.